நம்ம ரோட்டில் விழுந்த ட்வின் த்ராட்லர்ஸ்

சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் தூரத்தில் ஒரு சத்தம் கேட்கும். முதல் வருஷம் வந்த புதுசில் நான் அதை ஏதோ கம்பெனி ஜெனரேட்டர் என்று நினைத்தேன். சீனியர் அண்ணன் ஒருத்தர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டேய், அது ரேஸ் ட்ராக். இருங்காட்டுக்கோட்டைன்னா ஹூண்டாய் மட்டும்தான்னு நெனச்சியா?"

உண்மையில் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1990-ல் திறந்த அந்த ட்ராக், 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பித்த ஹூண்டாய் ஃபேக்டரிக்கும் மூத்தது. அதுக்கு முன்னாடி சென்னைக்காரர்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்ட் தயாராகிறது. வல்லம் வடகாலிலேயே யமஹாவும். அதாவது பைக் செய்கிற இடம், ரேஸ் ஓட்டுகிற இடம் எல்லாமே நம்ம காலேஜ் பஸ் போகிற தூரத்துக்குள்ளேதான்.

இதே நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, காஞ்சிபுரம் தாண்டி, தாமல் பக்கத்தில் 2023 செப்டம்பர் 17-ம் தேதி ஒரு சுஸுகி ஹயபுசா முன்சக்கரத்தைத் தூக்கியது. திரும்பச் சரியாக இறங்கவில்லை. ஓட்டினவர் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் நம்ம கேம்பஸில் யாராவது இருந்தால் ஆச்சரியம்தான்.

ஓட்டினவர் டிடிஎஃப் வாசன். சேனல் பெயர் ட்வின் த்ராட்லர்ஸ். அவரைத் திட்டி ஆயிரம் வீடியோ வந்தாச்சு, புகழ்ந்தும் ஆயிரம். இது ரெண்டிலும் சேராது. ஒரு சேனல் எப்படி வளருகிறது, வளர்ச்சி எந்த இடத்தில் ஆளையே தூக்கிப் போடுகிறது, அதில் பார்க்கிற நமக்கும் கேமரா பிடிக்கிற நமக்கும் பங்கு எவ்வளவு என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கேமரா பிடிக்கிறது பற்றி ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் வரும்.

பக்கத்து வீட்டுப் பையன்

வாசன் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பையன். சினிமாப் பின்னணி எதுவும் கிடையாது. ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவது, போகும்போதே பார்ப்பவர்களிடம் கூடவே பேசிக்கொண்டு போவது. மோட்டோவ்லாக் என்கிற வகையே அதுதான். பார்க்கிறவனுக்குக் கிடைப்பது என்ன? ஹேண்டில் பாருக்குப் பின்னாடி அவன் கண்ணே இருக்கிற மாதிரி ஒரு கோணம். நீங்கள் பைக் வாங்க முடியாத பத்தொன்பது வயசில், வீட்டில் கேட்டால் "முதல்ல அரியர் முடி" என்று பதில் வருகிற நேரத்தில், அந்தக் கோணம் ரொம்பப் பெரிய விஷயம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நானும் பார்த்தேன். லாக்டவுனுக்குப் பிறகு ரூமில் ஒரு போனைச் சுற்றி நாலு பேர் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறோம்.

2023-ல் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட எண்ணிக்கைப்படி அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 45 லட்சம் பேர். யூடியூப் 1 லட்சத்துக்கு வெள்ளி, 10 லட்சத்துக்குத் தங்கம், 1 கோடிக்கு வைரம் என்று பட்டன் கொடுக்கிறது. ஒரு தனி ஆள், தமிழில், பைக் ஓட்டிக்கொண்டே அந்தத் தங்க எல்லையை நாலு மடங்கு தாண்டியது சாதாரணமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தமிழ்ச் சேனலைச் சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைக்கிறார்களே, வில்லேஜ் குக்கிங் சேனல். 2021 ஜூலையில் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் அதுதான். அவர்களுக்கும் அடுத்த வீடியோவில் முந்தையதைவிடப் பெரிதாக ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வார்கள்? அண்டாவைப் பெரிசாக்குவார்கள். கோழி நூறு இருந்தால் அடுத்து இருநூறு. அதில் யாருக்கும் எலும்பு முறியாது. (கோழிகளைத் தவிர.)

பைக் சேனலுக்குப் பெரிசாக்க என்ன இருக்கிறது? ஊர் தூரமாகலாம், வண்டி சிசி ஏறலாம். அப்புறம்? வேகம். அதற்கும் அப்புறம்? ஒரு சக்கரம்.

இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை நம்ம ஆட்கள் புரிந்துகொள்வது சுலபம். ஒரு வீடியோவை யூடியூப் அடுத்தவருக்குப் பரிந்துரைக்கும்போது, எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள் என்பதோடு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கிறது. 2012-லிருந்தே பார்க்கும் நேரத்துக்கு முக்கியத்துவம். விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனல்காரருக்கு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: வெளியீட்டை அப்படியே உள்ளீட்டில் கூட்டிக்கொண்டு போனால், அதாவது பாசிட்டிவ் ஃபீட்பேக், சிஸ்டம் எங்காவது முட்டுகிற வரைக்கும் ஏறிக்கொண்டே போகும். முட்டுகிற இடம் சில பேருக்குக் காவல் நிலையம், சில பேருக்கு நடு ரோடு.

வரிசையாக வழக்குகள்

தாமல்தான் முதல் சம்பவம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை. 2022 செப்டம்பரில் கோயம்புத்தூரில் ஜி.பி.முத்துவைப் பின்னால் உட்கார வைத்து அதிவேகமாக ஓட்டின வீடியோ. முத்து தலையில் ஹெல்மெட் இல்லை. அவர் பயந்து அலறுவதுதான் அந்த வீடியோவின் காமெடி, நாங்களும் சிரித்தோம். போத்தனூர் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. ஒரு வருஷம் கழித்து 2023-ல் 'மஞ்சள் வீரன்' என்று அவரை ஹீரோவாக வைத்துப் பட அறிவிப்பு வந்தது. வழக்கு ஒரு பக்கம், ஹீரோ வாய்ப்பு ஒரு பக்கம். இரண்டும் ஒரே வேகத்தில் வந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் தாமல். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலிங் செய்ய முயன்று விழுந்ததாகப் பாலுசெட்டிசத்திரம் போலீஸ் வழக்கு. கையில் எலும்பு முறிவு. இரண்டு நாளில் கைது, புழல் சிறை. இந்திய தண்டனைச் சட்டம் 279, 308. மோட்டார் வாகனச் சட்டம் 184, 188. இதில் 279-ம் 184-ம் எல்லாருக்கும் தெரிந்த ஆபத்தான ஓட்டல் பிரிவுகள். 308 கனமானது: மரணம் விளைவிக்கக்கூடிய குற்றத்துக்கான முயற்சி. 188-ஐ யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். அது ஆபத்தாக ஓட்டத் தூண்டுகிறவர்களுக்கான பிரிவு.

ஜாமீன் மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, மாடுகள் குறுக்கே வந்ததால் திடீரென்று பிரேக் போட்டதாகவும், அதில்தான் சக்கரம் தூக்கியதாகவும் அவர் தரப்பில் வாதம். போலீஸ் தரப்பில், அவரைப் பின்தொடரும் 45 லட்சம் பேரில் பெரும்பாலும் சின்னப் பையன்கள், அவர் போட்டிருந்த விலை உயர்ந்த பாதுகாப்பு உடைதான் அவரைக் காப்பாற்றியது, பார்த்துச் செய்கிற பையன்களுக்கு அது இருக்காது என்று எதிர்ப்பு. நீதிபதி சி.வி.கார்த்திகேயன் மனுவைத் தள்ளுபடி செய்தார். யூடியூப் சேனலை மூடிவிட்டு, பைக்கையும் எரித்துவிட்டு வாருங்கள் என்கிற பொருளில் அவர் சொன்னது அன்றைக்கு எல்லா சேனலிலும் தலைப்புச் செய்தி. நவம்பர் 1-ம் தேதி நிபந்தனை ஜாமீன் கிடைத்தது. அதற்குள் காஞ்சிபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அவருடைய ஓட்டுநர் உரிமத்தை 10 வருஷத்துக்கு, 2033 அக்டோபர் 5 வரைக்கும், செல்லாததாக்கியிருந்தது.

மாடு வந்தது உண்மையாகவே இருக்கட்டும். மாடு இல்லாத ஹைவே நம்ம பக்கம் கிடையாது. ஆனால் மெக்கானிக்கல் பசங்க இந்த வாதத்தைக் கேட்டதும் ஒரு நிமிஷம் நின்றிருப்பார்கள். பிரேக் போட்டால் எடை எந்தப் பக்கம் போகும்? முன்பக்கம். முன் போர்க் அமுங்கும், பின்சக்கரம்தான் லேசாகும், இன்னும் அழுத்தினால் பின்சக்கரம்தான் மேலே வரும். முன்சக்கரம் மேலே வர வேண்டுமென்றால் ஆக்ஸிலரேட்டர் முறுக்கியாக வேண்டும். செகண்ட் இயரில் ஃப்ரீ பாடி டயக்ராம் போட்டுக் கைவலி வந்ததற்கு இப்படி ஒரு பயன்.

ஒரு சக்கரத்தின் கணக்கு

வந்ததே வந்தோம், வீலியின் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இதைப் புரிந்துகொண்டபோதுதான் எனக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. போலீஸ் வழக்கைப் படித்தபோது வரவில்லை.

பைக்கும் ஆளும் சேர்ந்த ஈர்ப்பு மையம், பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து கிடைமட்டமாக எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ஒரு அளவு. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இன்னொரு அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, அதை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால், முன்சக்கரம் தரையை விட்டு எழும்பத் தேவையான முடுக்கம் கிடைக்கும். ஹயபுசா 1340 சிசி, 260 கிலோவுக்கு மேல் எடை, இரண்டு சக்கரத்துக்கும் இடையே கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். நீளமான வண்டி என்பதால் சுலபமாக எழும்பாது. அதை எழுப்புவதற்கான சக்தி இஞ்சினில் தாராளமாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

பிரச்சினை எழும்புவதில் இல்லை. எழும்பின பிறகு ஈர்ப்பு மையம் பின்னால் நகர்கிறது. அதாவது முதல் அளவு குறைகிறது. அப்போது சக்கரத்தை மேலேயே வைத்திருக்கத் தேவையான முடுக்கமும் குறைகிறது. முதலில் தூக்குவதற்குக் கொடுத்த அதே முறுக்கலை விடாமல் வைத்திருந்தால், முன்பக்கம் இன்னும் வேகமாக எழும்பும். நிலையில்லாத சமநிலை என்பார்களே, குச்சியை விரல் நுனியில் நிறுத்துகிற மாதிரி. இந்த விளையாட்டில் தேறினவர்கள் பின் பிரேக்கால் அதை இறக்குவார்கள். புதுசாகச் செய்கிறவன் பயத்தில் ஆக்ஸிலரேட்டரை டக்கென்று விடுவான். முன்சக்கரம் தொப்பென்று விழும். விழும்போது ஹேண்டில் பார் ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் டயர் பக்கவாட்டில் உதறும்.

இதற்கு நடுவில், முன்சக்கரம் காற்றில் இருக்கிற அந்த இரண்டு மூன்று விநாடியில் உங்களிடம் ஸ்டியரிங் கிடையாது. பைக்கின் பெரும்பங்கு பிரேக்கும் முன்சக்கரத்தில்தான், அதுவும் கிடையாது. கண்ணுக்கு முன்னால் ரோடுகூடச் சரியாகத் தெரியாது, டேங்கும் மீட்டரும்தான். இப்போது மாடு வந்தால்?

இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதே கணக்கு எப்படி என்று பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறோம். கண் பார்த்து, கை பிரேக்கைத் தொட ஒரு விநாடி என்று வைத்தால் அதற்குள் 28 மீட்டர் ஓடிவிடும். நல்ல காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் குணகம் 0.7 என்று எடுத்தால், அப்புறம் நிற்க 56 மீட்டர். மொத்தம் 84. வேகத்தை 150 ஆக்கினால்? 42-ம் 126-ம் சேர்த்து 168 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளியே வரும்போது நம்ம சர்வீஸ் ரோட்டில் 168 மீட்டர் காலியாக எங்கே இருக்கிறது?

2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்து. எந்த மாநிலத்தையும்விட அதிகம். 17,884 சாவு. இது எல்லாமே வீலியால் வந்ததில்லை, பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள். நம்ம ரோடு ஏற்கெனவே அந்த நிலையில் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

"அப்போ வேகமா ஓட்டணும்னு ஆசைப்படறவன் எங்கதான் போறது?" என்று என் கூட்டாளி ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் மொட்டை மாடியில் நின்றால் காதில் விழுகிற தூரத்தில் இருக்கிறது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. எதிரே லாரி வராது, மாடு வராது. ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு மார்ஷல், ஆம்புலன்ஸ் தயாராக. ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் மாதிரி தேசிய சாம்பியன்கள் சக்கரம் தேய்த்த இடம் அது. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் மாதிரியான பயிற்சிகளும் அங்கே நடந்திருக்கின்றன. காசு ஆகும், உண்மைதான். நம்ம பாக்கெட்டுக்கு எட்டாததும் உண்மைதான். ஆனால் தேசிய சாம்பியன் பெயரைக் கேட்டால் நம்ம கிளாஸில் எத்தனை பேர் சொல்வார்கள்? வாசன் பெயரைச் சொல்லாதவன் ஒருத்தன் இருப்பானா?

அந்த ட்ராக்கிலும் உயிர் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில் கார் பந்தயத்தில் 59 வயது மூத்த வீரர் கே.இ.குமார் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் தேசிய பைக் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். அவனுக்கு முறையான பயிற்சி இருந்தது, உடை இருந்தது, பக்கத்தில் ஆம்புலன்ஸ் இருந்தது. பதின்மூன்று வயசு. அது நடந்து ஆறு வாரம்தான், தாமலில் ஹயபுசா எழும்பியது.

அடங்கவில்லையே, ஏன்?

உரிமம் போச்சு, சிறைக்குப் போயாச்சு. சேனல் அடங்கியிருக்க வேண்டும் இல்லையா? 2024 மே மாதம் மதுரையில், செல்போனில் பேசிக்கொண்டே கார் ஓட்டி அதை வீடியோவாகவும் போட்டதாக அண்ணாநகர் போலீஸ் மறுபடி கைது செய்தது. அடுத்த நாளே ஜாமீன். சில வாரத்தில் திருப்பதியில், தரிசனத்துக்குக் காத்திருந்த பக்தர்களிடம் ஊழியர் மாதிரி கேட்டைத் திறப்பதாகப் போக்குக் காட்டி எடுத்த பிராங்க் வீடியோவுக்குத் தேவஸ்தானம் கண்டனம். 'மஞ்சள் வீரன்' கைவிட்டுப் போனாலும் வேறு பட வாய்ப்பு வந்தது. ஒவ்வொரு சர்ச்சையும் ஒரு வாரத்துக்கு எல்லாச் செய்திச் சேனலிலும் இலவச விளம்பரம். திட்டி வீடியோ போடுகிறவனுக்கும் வியூஸ், ஆதரித்துப் போடுகிறவனுக்கும் வியூஸ். இதோ, நான்கூட இந்தக் கட்டுரையை அவரை வைத்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'வேகமும் பாதுகாப்பும்' என்று தலைப்பு வைத்திருந்தால் இதுவரைக்கும் படித்திருப்பீர்களா?

அவர் ஒருத்தரை மட்டும் சொல்வதும் அநியாயம். சாப்பாட்டு வீடியோவால் வளர்ந்த இர்ஃபான் 2024 மே மாதம், பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்பதை துபாயில் ஸ்கேன் செய்து, அதை அறிவிக்கும் விழாவையும் வீடியோவாகப் போட்டு, சுகாதாரத் துறை நோட்டீஸ் விட்டதும் மன்னிப்புக் கேட்டார். அக்டோபரில் பிரசவ அறைக்குள் தொப்புள்கொடி வெட்டும் வீடியோ. சோற்றில் ஆரம்பித்தவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய் நிற்கிறார். ஆள் வேறு, பாதை ஒன்றுதான்.

சேனலை மூடு என்று நம்ம நீதிபதி சொன்னதை நிறையப் பேர் கோபத்தில் வந்த வார்த்தை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஸ்பெயினில் அது நிஜமாகவே தீர்ப்பாக வந்திருக்கிறது. பார்சிலோனாவில் ரீசெட் என்ற பெயரில் ஸ்பானிஷ் மொழிச் சேனல் நடத்தியவர் காங்குவா ரென். 10 லட்சத்துக்கு மேல் சந்தாதாரர்கள். 2017-ல் பார்வையாளர்கள் விட்ட சவாலுக்காக, ஓரியோ பிஸ்கட்டின் நடுவில் இருக்கிற க்ரீமை வழித்துவிட்டு, டூத்பேஸ்ட் தடவி, தெருவில் தங்கியிருந்த வீடில்லாத ஒரு மனிதருக்குக் கொடுத்தார். கூடவே 20 யூரோ நோட்டு ஒன்று. அந்த மனிதர் சாப்பிட்டு வாந்தி எடுத்தார். வீடியோவுக்கு விளம்பரத்தில் கிடைத்தது 2,000 யூரோவுக்கு மேல். 2019-ல் நீதிமன்றம் 15 மாதச் சிறை, பாதிக்கப்பட்டவருக்கு 20,000 யூரோ இழப்பீடு, அதோடு ஐந்து வருஷத்துக்கு யூடியூப் பக்கமே வரக்கூடாது என்றது. ஸ்பெயினில் முதல் குற்றத்துக்கு இரண்டு வருஷத்துக்குக் குறைவான சிறைத் தண்டனையைப் பொதுவாக உள்ளே போய் அனுபவிக்க வேண்டியதில்லை. ஆகவே அவருக்கு உண்மையில் உறைத்தது பணமும் தடையும்தான்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்தது, குற்றம் நடந்த கருவியையே கையிலிருந்து வாங்கிக்கொண்டது. வாசனுக்கு நாம் பைக் ஓட்டும் உரிமத்தை வாங்கிக்கொண்டோம். சேனல் அப்படியே இருந்தது. பைக் இல்லாவிட்டால் கார், கார் இல்லாவிட்டால் கோயில் வரிசை. அதே நேரம், ஒருத்தர் பேசுகிற மேடையை மூடும் அதிகாரத்தை அரசாங்கத்தின் கையில் கொடுப்பதிலும் எனக்குப் பயம் உண்டு. பைக் வீடியோவில் ஆரம்பித்து, அது அடுத்து யார் வாயை மூடும் என்று சொல்ல முடியாது. ரீசெட் வழக்கில் முகம் தெரிந்த ஒரு பாதிக்கப்பட்டவர் இருந்தார், விசாரணை நடந்தது, தண்டனைக்குக் கால எல்லை இருந்தது. அந்த மூன்றும் இல்லாமல் மூடச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். இதில் எங்கள் ஆசிரியர் குழுவிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. டீக்கடையில் இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம்.

இப்போது அந்தப் பிரிவு 188-க்கு வருகிறேன்.

போன செமஸ்டர் லீவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. என் ரூம்மேட்டிடம் ஒரு பழைய 150 சிசி வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கினது. சிப்காட்டுக்குள் ஞாயிறு மத்தியானம் போக்குவரத்து கம்மி. அவன் ஓட்டினான், நான் ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனில் எடுத்தேன். கீழேயிருந்து எடுத்தால் சக்கரம் உயரமாகத் தெரியும் என்பது என்னுடைய யோசனை. முதல் தடவை ஒரு அடி. இரண்டாவது தடவை கொஞ்சம் கூட. போனைப் பார்த்துவிட்டு நான்தான் சொன்னேன்: "மாப்ள, இன்னும் கொஞ்சம் தூக்குடா, ஃப்ரேம்லயே வரல."

மூன்றாவது தடவை ஃப்ரேமில் வந்தது. நான் மேலே எழுதின கணக்கெல்லாம் அந்த இரண்டு விநாடிக்குள் வரிசையாக நடந்தது. எழும்பியது, இன்னும் வேகமாக எழும்பியது, பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டான், தொப்பென்று இறங்கியது, ஹேண்டில் உதறியது. தோள்பட்டை எலும்பு முறிவு. தலையில் ஹெல்மெட் இருந்தது, அது ஒன்றுதான் நாங்கள் உருப்படியாகச் செய்தது.

பின்னாடி வந்த கன்டெய்னர் லாரி ஒன்று பிரேக் போட்டு நின்றது. எத்தனை மீட்டர் தள்ளி என்று நான் அளக்கவில்லை, அளக்கிற நிலையில் இல்லை. டிரைவர் அண்ணன் இறங்கி ஓடி வந்தார். அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, கையை அசைக்காதே என்று துண்டால் கட்டினார். தண்ணீர் கொடுத்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். என் கையில் போன் இன்னும் ரெக்கார்டிங்கிலேயே இருந்தது.

"தம்பி, படம் புடிச்சது நீயா?"

ஆமாண்ணா என்றேன். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அவனைக் கேபினில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். என்னைக் கேபினில் ஏறச் சொல்லவில்லை. நான் பைக்கைத் தள்ளிக்கொண்டே போனேன். ஃபோர்க் வளைந்திருந்ததால் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தது.

இப்போது அவனுக்குக் கை பரவாயில்லை, டிராஃப்டர் பிடிக்கிறான். வீட்டில் பஸ் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான். அந்த 14 விநாடி வீடியோ என் போனில் இருக்கிறது. போன வாரம் ராத்திரி லைட் அணைத்த பிறகு அவன் கேட்டான்: "மச்சான், அந்த க்ளிப்ப அனுப்பேன். எப்படியும் அடிபட்டாச்சு, போட்டா செமயா போகும்ல?"

தூங்கிவிட்ட மாதிரி படுத்திருந்தேன். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.